சில்லு நட் கணக்கா இறுக்கிறது எப்பிடி, டோர்க் ரெஞ்ச் இருந்தாலும் இல்லாட்டியும்

எங்கட பக்கம் கார்ச் சில்லு மாத்தேக்க நட் எவ்வளவு இறுக்கோணும் எண்டு ஆரையும் கேட்டா மூண்டு பதில்தான் வரும். ஒண்டு "ஸ்பானர்ல ஏறி நிண்டு ஒரு உதை குடு", மற்றது "கையால ஏலுமான மட்டும் இறுக்கு, காணும்", மூண்டாவது ரயர் கடையில எயர் கன்னை வைச்சு டர்ர்ர் எண்டு அடிச்சு விடுறது. நானும் கன வருசம் இப்பிடித்தான் செய்தனான், மூண்டும் பிழை எண்டு விளங்க எனக்கு ஆனையிறவு மட்டும் போக வேண்டி வந்தது.

போன மாரி மழை விட்ட ஒரு விடியக்காலை, மனுசி பிள்ளையளோட வவுனியாக்கு வெளிக்கிட்டனான். அதுக்கு முதல் நாள்தான் முன் இடப்பக்கச் சில்லுக்கு ஒட்டுப் போட்டது. கொடிகாமம் தாண்டும் மட்டும் ஒண்டும் தெரியேல்ல, பளைக்குக் கிட்ட வேகம் குறைக்கேக்க டக்... டக்... எண்டு ஒரு சத்தம், சில்லு ஒருக்காச் சுத்த ஒருக்கா அடிக்கிற மாதிரி, வேகம் கூட்டினா சத்தம் கலைஞ்சு போகுது, குறைச்சாத் திரும்ப வருது. கல்லு ஏதும் ரயர்ல குத்தியிருக்கும் எண்டு நினைச்சு ஓடினனான், அதுதான் நான் செய்த பெரிய பிழை. ஆனையிறவில நிப்பாட்டி இறங்கிப் பார்த்தா நாலு நட்டில ரெண்டு விரலால சுத்துது, மற்ற ரெண்டும் அரைகுறை. ரிம் துவாரத்தைச் சுத்தி வெள்ளியா மினுங்குது, விரலால தொட்டா கறுப்பா இரும்புத் தூள். ஒட்டுப் போட்ட பெடியன் வேணுமெண்டு செய்யேல்ல, அண்டைக்கு கரண்ட் இல்லை, கன் வேலை செய்யேல்ல, கார் ஜாக்கில நிக்கேக்கயே கையால இறுக்கிப்போட்டு இறக்கி விட்டவன், நானும் பார்த்துக்கொண்டுதான் நிண்டனான்.

எங்கட சித்தின்ர காருக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். வல்லை வெளியில மழைக்குள்ள காத்துப் போய் நிண்டவ, சித்தப்பாவும் வழியால போன ரெண்டு பேரும் சேர்ந்து உதைச்சும் நட் அசையேல்ல, ஏன் எண்டா கடைசியா பூட்டினவை எயர் கன்னால அவ்வளவு அடிச்சு வைச்சிருக்கினம். கடைசியில ஒரு ஸ்ரட், அதாவது நட் பூட்டுற புரிக் கம்பி, முறிஞ்சு போச்சு. ஆக இளக்கமும் பிழை, இறுக்கமும் பிழை, ரெண்டுக்கும் நடுவில ஒரு எண் இருக்குது, அந்த எண்ணுக்குத்தான் டோர்க் எண்டு பேர்.

டோர்க் எண்டது பெரிய விசயம் இல்லை. ஸ்பானரின்ர நீளத்தை நீங்கள் குடுக்கிற பலத்தால பெருக்கினா வாறது, அளக்கிறது நியூட்டன் மீற்றர்ல. இப்ப ரொயோட்டா விட்ஸ், அக்வா, அக்ஸியோ போல கார்களுக்கு கொம்பனி சொல்லுறது 103 நியூட்டன் மீற்றர். காரோட வாற எல் மாதிரி வளைஞ்ச ஸ்பானர் ஒரு 30 சென்ரிமீற்றர் எண்டு வைப்பம், அதின்ர நுனியில 35 கிலோ பாரம் தூங்கினா அதுதான் 103. 70 கிலோ ஆள் ஒராள் அதில ஏறி நிண்டா வாறது 206, அப்பிடியே ரெண்டு மடங்கு, துள்ளி உதைச்சா இன்னும் எங்கயோ போகும். அதே ஸ்பானரை மெலிஞ்ச ஒராள் இருந்த இடத்தில இருந்து ஒரு கையால இழுத்தா 50 கூட வராது. ஒரே வீட்டில தகப்பன் இறுக்கிறதும் மகள் இறுக்கிறதும் நாலு மடங்கு வித்தியாசமா இருக்கலாம், ரெண்டு பேருக்கும் "நல்லா இறுகிட்டுது" எண்டுதான் கையில படும். கை உணர்வை நம்பாதேங்கோ எண்டு நான் சொல்லுறது இதுக்குத்தான்.

இறுக்கேக்க உள்ளுக்க என்ன நடக்குது எண்டும் ஒருக்காத் தெரிஞ்சு வைக்கிறது நல்லம், ஏன் எண்டா பிறகு வாற எல்லாப் புத்திமதியும் இதில இருந்துதான் வருது. ஸ்ரட் எண்டது பார்க்க இரும்புக் கட்டை, ஆனா நட்டை இறுக்க இறுக்க அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இழுபடுது, ஒரு ஸ்பிறிங் மாதிரி. இழுபட்ட ஸ்ரட் திரும்பச் சுருங்கப் பாக்கிற பலம்தான் ரிம்மை ஹப்போட, அதாவது சில்லுப் பூட்டுற நடுப்பாகத்தோட, ஒட்டி வைச்சிருக்குது. 12 மில்லிமீற்றர் ஸ்ரட்டில காய்ஞ்ச புரியில 103 எண்டு இறுக்கினா அந்தப் பிடி ஏறக்குறைய 43,000 நியூட்டன், அதாவது ஒரு நட்டுக்கே 4 தொன்னுக்கு மேல. விட்ஸ் காரின்ர முழுப் பாரமே ஒரு தொன் அளவுதான், யோசிச்சுப் பாருங்கோ. ரிம்மும் ஹப்பும் ஒண்டோட ஒண்டு அவ்வளவு அமத்தி நிக்கிறபடியால ரெண்டுக்கும் இடையில இருக்கிற உராய்வுதான் காரைத் தாங்குது, ஸ்ரட்டில நேர காரின்ர பாரம் தூங்கிறேல்ல. நட் இளகினா உராய்வு போகும், ரிம் அங்கையும் இங்கையும் அசையும், ஸ்ரட் ஒவ்வொரு சுத்துக்கும் வளைஞ்சு நிமிரும், கம்பியை வளைச்சு வளைச்சு முறிக்கிற மாதிரி கடைசியில முறியும். கூட இறுக்கினா ஸ்ரட் ஸ்பிறிங் தன்மை போய் நிரந்தரமா நீண்டிடும், நீண்டது பேந்து பிடிக்காது, பிறேக் டிஸ்க்கும் கோணலாகி பிறேக் பிடிக்கேக்க ஸ்ரியரிங் நடுங்கத் தொடங்கும். பிறேக் நடுங்குது எண்டு டிஸ்க் மாத்தின ஆக்கள் சிலரைக் கண்டிருக்கிறன், நட்டைப் பற்றி ஒராளும் யோசிக்கேல்ல.

இன்னொண்டு, நீங்கள் குடுக்கிற டோர்க்கில பத்தில ஒரு பங்குதான் ஸ்ரட்டை இழுக்கப் போகுது. பாதி நட் ரிம்மில உரஞ்சிற இடத்தில போகுது, மிச்சம் புரிக்குள்ள போகுது. அப்ப புரிக்கு ஒயிலோ கிறீஸோ பூசினா என்ன நடக்கும், உரஞ்சிறது குறையும், அதே 103ல ஸ்ரட் மூண்டில ஒரு பங்கு கூட இழுபடும், சிலவேளை அதைவிடவும். "கறள் பிடியாமல் இருக்க கொஞ்சம் ஒயில் விட்டனான்" எண்டு சொல்லுறவையின்ர எண்ணம் நல்லதுதான், ஆனா கொம்பனி எண் காய்ஞ்ச புரிக்குச் சொன்னது, ஒயில் போட்ட உடன அந்த எண் பொய்யாப் போகும். வல்வெட்டித்துறை, காரைநகர், நெடுந்தீவுப் பக்கம் கடல் காத்தில கறள் கெதியாப் பிடிக்கும் எண்டது உண்மை, அதுக்கு மருந்து கம்பிப் பிறஸ், ஒயில் இல்லை.

சரி, உங்கட காருக்கு என்ன எண். முதல் இடம் காரோட வந்த புத்தகம். எங்கட ஊரில ஓடுற கனக்க கார் ஜப்பான்ல ஓடி வந்ததுகள், புத்தகம் ஜப்பான் மொழியில கிடக்கும், ஆனா எண்ணை வாசிக்கலாம், சில்லு மாத்துற பக்கத்தில படத்துக்குக் கீழ 103 எண்டும் பக்கத்தில 1050 எண்டும் கிடந்தா ரெண்டும் ஒண்டுதான், 1050 எண்டது கிலோகிராம் சென்ரிமீற்றர்ல. ரொயோட்டா சின்னக் கார்களுக்கு 103, ஹொண்டா ஃபிட், வெசல் போலதுகளுக்கு 108. சுசுகி வாகன் ஆர், அல்டோக்கு வருசத்தைப் பொறுத்து மாறும், கனக்கவா 85ம் 100ம் காணலாம், அதால உங்கட புத்தகத்தைப் பார்த்தே ஆகோணும். வானுக்கும் ஜீப்புக்கும் கார் எண்ணைப் போடாதேங்கோ, அதுகளுக்கு வேற. பழைய கன்டர், எல்ஃப் போல ஜப்பான் லொறியளில இடப்பக்கச் சில்லின்ர நட் எதிர்ப்பக்கமாச் சுத்தும், அது தெரியாமல் கழட்ட வெளிக்கிட்டு இன்னும் இறுக்கினவை இருக்கினம், அது வேற கதை.

எண்ணைப் பார்க்கேக்க அலகையும் பாருங்கோ. டோர்க் ரெஞ்ச் எண்டது நாங்கள் வைச்ச எண்ணுக்கு இறுகின உடன கிளிக் எண்டு கேக்கிற ஸ்பானர், கடையில விக்கிறது கனக்கதில ஒரு பக்கம் நியூட்டன் மீற்றர், மற்றப் பக்கம் அடி இறாத்தல். 103 நியூட்டன் மீற்றர் எண்டது 76 அடி இறாத்தல். தெரியாமல் அடி இறாத்தல் பக்கத்தில 103க்கு வைச்சா கிட்டத்தட்ட 140 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குவீங்கள்.

நட்டையும் ஒருக்காப் பார்க்கோணும். ரொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிசி ஸ்ரட்டில புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர், சுசுகி, நிசானில 1.25. ரெண்டும் 12 மில்லிமீற்றர்தான், பார்வைக்கு ஒண்டு மாதிரி. ரொயோட்டா நட்டை வாகன் ஆர் ஸ்ரட்டில வைச்சா ஒரு சுத்து ரெண்டு சுத்து போகும், பிறகு இறுகும், "ஆ கறளாக்கும்" எண்டு ஸ்பானரால தள்ளினா புரி முழுக்கச் சிதறிப் போகும். பழைய நட் விக்கிற இடத்தில ஒரு வாளிக்குள்ள எல்லாம் கலந்து கிடக்கும், அதால வாங்கேக்க உங்கட நட் ஒண்டைக் கையோட கொண்டுபோய் ரெண்டையும் ஒரே ஸ்ரட்டில விரலால சுத்திப் பாருங்கோ, கடைசி மட்டும் விரலாலயே போகோணும்.

அதைவிட முக்கியம் நட்டின்ர இருக்கை, அதாவது ரிம்மில போய்க் குந்திற பக்கம். சிலது புனல் மாதிரி சாய்வா இருக்கும், ஹொண்டான்ர கொம்பனி ரிம்முக்கு வாறது பந்து மாதிரி உருண்டை, சில ரொயோட்டா அலோய் ரிம்முக்கு வாசரோட தட்டையா வரும். வெளியில வாங்கின அலோய் ரிம் கனக்க புனல் சாய்வுதான். ஹொண்டா உருண்டை நட்டை புனல் ரிம்மில போட்டா ஒரு மெல்லிய வளையத்தில மட்டும்தான் முட்டும், 108 எண்டு கிளிக் கேக்கும், நாலு நாளில இளகும், ரிம் மாத்தினா நட்டையும் அதுக்கேத்த மாதிரி மாத்துங்கோ எண்டது அதால. இதில காசு பாக்காதேங்கோ.

இனி வேலை. கார் மட்டமான கல்லு நிலத்தில நிக்கோணும், எங்கட வளவு மணலிலயும் மழைக்கு ஊறின செம்மண்ணிலயும் ஜாக் வைச்சா ஜாக் புதையும், வழியில்லாட்டி கீழ ஒரு தடிச்ச பலகை வையுங்கோ. ஹான்ட் பிறேக் போட்டு, ஓட்டோ கியர் எண்டா P இல போட்டு, மூலைக்கு மூலை எதிரா இருக்கிற சில்லுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கல்லு வைச்சு அடையுங்கோ. சில்லு நிலத்தில நிக்கேக்கயே நட் எல்லாத்தையும் அரைச் சுத்து இளக்குங்கோ, அதுக்குப் பிறகுதான் ஜாக். தூக்கின பிறகு கழட்டின சில்லை காருக்குக் கீழ, கதவுக்குக் கீழ்ப்பக்கமா படுக்கப் போட்டு விடுங்கோ, ஜாக் சரிஞ்சாலும் கார் சில்லில இருக்கும், காலில இராது. காருக்குக் கீழ கையோ தலையோ கொண்டு போகாதேங்கோ.

இப்ப ஆக்கள் செய்யாத ஆனா செய்யவேண்டிய வேலை, துப்பரவு. சில்லைக் கழட்டின உடன ஹப்பின்ர முகத்தைப் பாருங்கோ, செதில் செதிலா கறள், அதுக்கு மேல எங்கட செம்மண் சேறு காய்ஞ்சு பத்தியிருக்கும். ரிம்மின்ர உள்பக்கமும் அப்பிடித்தான். இந்தக் கறளுக்கும் சேத்துக்கும் மேல ரிம்மை வைச்சு 103க்கு இறுக்கினா கிளிக் கேக்கும், ஓடேக்க அந்தச் சேறு நசிஞ்சு தூளாகி வெளியேறும், அரை மில்லிமீற்றர் கூட வேண்டாம், ஸ்ரட் இழுபட்டிருந்தது அதைவிடக் குறைவு, பிடி அப்பிடியே விட்டுப் போகும். நட் "தானா இளகினது" எண்டு சொல்லுறதில கன தரம் நடக்கிறது இதுதான், நட் சுத்தவே இல்லை, கீழ இருந்தது நசிஞ்சு போச்சு. கம்பிப் பிறஸ்ஸால ஹப் முகத்தை உரஞ்சி, சீலைத் துண்டால துடைச்சு, ரிம் முகத்தையும் அப்பிடியே செய்து, ஸ்ரட் புரியளை காய்ஞ்ச பிறஸ்ஸால ஒருக்கா இழுத்து, நட் குந்திற குழியளையும் துடையுங்கோ. ரிம்முக்கு பெயின்ற் அடிக்கிற ஆக்கள் அந்தக் குழியளுக்குள்ளயும் அடிச்சு விடுவினம், அந்தப் பெயின்ற்றும் நசியும், அதையும் சுரண்டி எடுக்கோணும். கிறீஸ் பூசியே ஆகோணும் எண்டு கை துடிச்சா ரிம்மின்ர நடுத் துவாரம் போய் இருக்கிற வளையத்தில மட்டும் மெல்லிசாத் தடவுங்கோ, ஸ்ரட்டில ஒரு துளியும் படக்கூடாது.

சில்லைத் தூக்கி வைச்சு நட் எல்லாத்தையும் விரலால பூட்டுங்கோ, ஸ்பானரைத் தொடாதேங்கோ. விரலால ஆகக் குறைஞ்சது நாலைஞ்சு சுத்து லேசாப் போகோணும், போகாட்டி கழட்டித் திரும்ப வையுங்கோ, புரி மாறிப் பிடிச்சிருக்கும். பிறகு ஸ்பானரால மெல்லமா, ரிம் ஹப்போட ஒட்டும் மட்டும். நாலு நட் எண்டா ஒண்டு இறுக்கி நேரெதிர்ல உள்ளது, பிறகு மற்ற ரெண்டும் அதே மாதிரி. அஞ்சு நட் எண்டா ஒண்டு விட்டு ஒண்டு, நட்சத்திரம் கீறுற மாதிரி. சுத்தி வர வரிசையா இறுக்கினா ரிம் ஒரு பக்கம் சரிஞ்சு குந்தும். சில்லை ஒருக்காக் கையால ஆட்டிப்பாருங்கோ, ஒழுங்கா இருந்தா ஜாக்கை இறக்குங்கோ, முழுக்க இறக்க வேண்டாம், ரயர் நிலத்தில முட்டி சில்லு சுத்தாமல் நிக்கிற அளவு காணும். இப்பத்தான் கணக்கா இறுக்கிற நேரம்.

டோர்க் ரெஞ்ச் வைச்சிருக்கிறவைக்கு, சொக்கெற் மாட்டுற கட்டை அரை இஞ்சி உள்ளதுதான் காருக்கு. என்ரது 28 தொடக்கம் 210 மட்டும் போறது, ஒரு புது ரயர் வாங்கிற காசு கூடப் போகேல்ல. பிடியின்ர அடியில உள்ள பூட்டை இளக்கி, பிடியைச் சுத்தி 98 கோட்டுக்குக் கொண்டு வந்து, பிறகு சுத்து வளையத்தில இன்னும் 5 கூட்டினா 103, பூட்டைத் திரும்ப இறுக்குங்கோ. முதல் சுத்து பாதி எண்ணுக்கு, ஒரு 50க்கு, எதிரெதிரா எல்லா நட்டும். ரெண்டாவது சுத்து 103க்கு. பிடியின்ர நடுவில கையை வைச்சு ஆறுதலா ஒரே இழுவையா இழுங்கோ, வெட்டி இழுக்காதேங்கோ. டிக் எண்டு ஒருக்காக் கேட்டு கையில ஒரு சின்ன விடுபடல் தெரியும், அந்த இடத்தில கையை எடுங்கோ. "உறுதிக்கு இன்னொருக்கா" எண்டு டிக் டிக் எண்டு மூண்டு நாலு தரம் அடிக்கிறவை ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டினம். எல்லாம் முடிய ஒரு சுத்து வந்து பாருங்கோ, ஏன் எண்டா நாலாவதை இறுக்க முதலாவது கொஞ்சம் இளகியிருக்கலாம். நேரான எக்ஸ்ரென்ஷன் கட்டை போட்டா டோர்க் குறையும் எண்டு ஒரு கதை இருக்குது, ஆறுதலா இழுத்தா குறையாது, பயப்பிடாமல் போடுங்கோ. ஆனா அந்த ரெஞ்ச்சால நட்டைக் கழட்டாதேங்கோ, பைப் போட்டு நீட்டாதேங்கோ, வேலை முடிஞ்ச உடன ஆகக் குறைஞ்ச எண்ணுக்குத் திருப்பி வையுங்கோ, உள்ளுக்க ஸ்பிறிங் அமந்தபடி கிடந்தா அளவு பிழைக்கும்.

ரெஞ்ச் இல்லையோ, வீட்டில பாக் நிறுக்கிற தராசு இருக்கோ பாருங்கோ. கனடா, லண்டன், சுவிஸ் எண்டு ஆக்கள் வந்து போற எங்கட வீடுகளில ஒண்டாவது அலுமாரிக்குள்ள கிடக்கும், கொக்கியோட அல்லது பட்டியோட, 50 கிலோ மட்டும் காட்டுற டிஜிற்றல் தராசு. அதுவே உங்கட டோர்க் ரெஞ்ச். கணக்கு சின்னன், வேண்டிய நியூட்டன் மீற்றரை 9.8 ஆல பிரிச்சு, வாறதை ஸ்பானரின்ர நீளத்தால, மீற்றர்ல, பிரியுங்கோ, வாறது கிலோ. நீளம் எண்டது நட்டின்ர நடுவில இருந்து கொக்கி மாட்டுற இடம் மட்டும், ஸ்பானரின்ர முழு நீளம் இல்லை. 103க்கு 30 சென்ரிமீற்றர்ல மாட்டினா 35 கிலோ, 25ல மாட்டினா 42, 40ல எண்டா 26. ஹொண்டா 108 எண்டா 30 சென்ரிமீற்றர்ல 36.7, சுசுகி 85 எண்டா 29 கிலோக்கு ஒரு சொட்டுக் குறைய. ரேப்பால அளந்து, மாட்டுற இடத்தில ஸ்பானருக்கு இன்சுலேற்றிங் ரேப் ஒரு சுத்துச் சுத்தி விட்டா கொக்கி வழுக்காது, ஒவ்வொரு தரமும் அளக்கவும் தேவையில்லை.

செய்யிற விதம், நீங்கள் சில்லைப் பார்த்துக்கொண்டு நிக்கேக்க ஸ்பானர் பிடி இடப்பக்கமா, நிலத்துக்குச் சமாந்தரமா இருக்கோணும், மணிக்கூட்டில 9 இருக்கிற இடத்தில. அப்பிடி இருந்தா மேல தூக்கினா இறுகும். தராசை மாட்டி, பிளேனுக்குப் போற பாக்கைத் தூக்கி நிறுக்கிற மாதிரியே நேர மேல தூக்குங்கோ, மற்றக் கையால ஸ்பானரின்ர நட் பக்க முழங்கையை சில்லோட அமத்திப் பிடியுங்கோ, இல்லாட்டி எல் ஸ்பானர் சரிஞ்சு கழரும். தராசும் ஸ்பானரும் மூலைமட்டம் மாதிரி 90 பாகையில நிக்கோணும், சரிஞ்சா எண் பிழைக்கும். ஸ்பானர் மேல போய்ட்டுது, இன்னும் 35 வரேல்ல எண்டா கழட்டித் திரும்ப 9 மணிக்கு வைச்சு இழுங்கோ. 35 காட்டின உடன விடுங்கோ. சில தராசு அசையாமல் நிண்டாத்தான் எண்ணைப் பூட்டும், அப்பிடியானதில ரெண்டு செக்கன் பிடிச்சிருங்கோ, முகத்தை ஸ்பானருக்கு நேர மேல வைக்காதேங்கோ, கொக்கி விட்டா அடிக்கும். நான் இதை முதல் தரம் செய்து போட்டு பிறகு ரெஞ்ச்சை 103க்கு வைச்சுப் பார்த்தனான், நாலு நட்டிலயும் அசையாமல் டிக் கேட்டது, ரெஞ்ச்சை 112க்கு ஏத்தி வைக்க நாலும் ஒரு சொட்டு அசைஞ்சுதான் டிக் கேட்டது. அதுக்குப் பிறகு மனுசின்ர தங்கச்சியின்ர காருக்குள்ள ஒரு தராசும், கைப்பிடியில "30ல 35" எண்டு எழுதின ஸ்பானரும் போட்டு விட்டிருக்கிறன், அவ தனிய வேலைக்கு ஓடுறவ. இதே தராசால பழைய டோர்க் ரெஞ்ச் சரியோ எண்டும் பார்க்கலாம், ரெஞ்ச்சின்ர கட்டையை வைஸில பூட்டி, பிடி நடுவில தராசை மாட்டி இழுத்து எத்தினை கிலோவில டிக் கேக்குது எண்டு கணக்குப் பாருங்கோ, நல்ல ரெஞ்ச் 100க்கு 4க்கு மேல பிழைக்கக் கூடாது.

ரயர் கடைக்குப் போகேக்க எயர் கன்னை முழுக்கத் தடுக்க ஏலாது, அவையளுக்கு வரிசையில ஆக்கள் நிப்பினம். நான் சொல்லுறது இவ்வளவுதான், "தம்பி, கன்னால முட்டும் மட்டும் விட்டுப்போட்டு நிப்பாட்டும், மிச்சம் நான் இறுக்கிறன்". ஒருத்தரும் கோவிச்சதில்லை, ஒரு கடையில அவையளே டோர்க் ரெஞ்ச் எடுத்துக்கொண்டு வந்தவை, அண்டைக்குத் தொடக்கம் அங்கதான் போறனான். கன் ஏற்கனவே அடிச்சு முடிஞ்சுது எண்டா வீட்ட வந்து ரெஞ்ச்சை வைச்சுப் பார்த்து டிக் கேட்டது எண்டு ஆறாதேங்கோ, அது 103க்குக் குறையேல்ல எண்டதை மட்டும்தான் சொல்லும், 250ல இருந்தாலும் அதே டிக்தான். சில்லு நிலத்தில நிக்க, ஒரு நேரம் ஒரு நட்டை மட்டும் இளக்கி, விரலால ஓடுதோ எண்டு பார்த்து, 103க்கு இறுக்கி, பிறகு எதிர்ல உள்ளது, கடைசியா ஒரு முழுச் சுத்து.

பூட்டின பிறகு 50க்கும் 100 கிலோமீற்றருக்கும் இடையில ஒருக்காத் திரும்ப இறுக்கிப் பார்க்கோணும். யாழ்ப்பாணத்தில இருந்து பருத்தித்துறைக்குப் போய் வந்தாலே 60 கிலோமீற்றருக்கு மேல வரும், கிளிநொச்சிக்கு ஒரு பக்கம் போனாலே அந்த அளவுதான், தூரம் போறவை முறிகண்டியில எப்பிடியும் நிப்பாட்டுறீங்கள் தானே, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி கச்சான் வாங்கிற நேரத்துக்குள்ள சில்லுச் சூடு ஆறிடும், நாலு நட்டுக்கு ரெண்டு நிமிசம் போதும். சூட்டோட பார்க்காதேங்கோ, எண் சரி வராது. இந்தத் தரம் நட்டை இளக்காமல் 103க்கு வைச்சு இழுக்கிறது மட்டும்தான். அசையாமல் டிக் எண்டா முடிஞ்சுது. கொஞ்சம் அசைஞ்சு டிக் எண்டா ரிம் குந்தியிருக்குது, அது வழமை, இன்னொரு 50 கிலோமீற்றரில திரும்பப் பாருங்கோ. அந்தத் தரமும் அசைஞ்சா மேல மேல இறுக்கிக்கொண்டு ஓடாதேங்கோ, சில்லைக் கழட்டுங்கோ, ஹப்பில கறளோ, குழியில பெயின்ற்றோ, மாறின நட்டோ, நீண்ட ஸ்ரட்டோ ஒண்டு இருக்கும். நட்டை விரலால ஸ்ரட்டில ஓட்டிப்பாருங்கோ, நடுவில ஒரு இடத்தில இறுகி பிறகு விட்டா அந்த ஸ்ரட் நீண்டு போச்சு, அதையும் நட்டையும் சேர்த்து மாத்துங்கோ, ஒரு ஸ்ரட் முறிஞ்ச சில்லு எண்டா அதின்ர பக்கத்து ஸ்ரட்டுகளையும் மாத்திறது நல்லம், முறிஞ்சதின்ர பாரத்தை அதுகள்தான் தாங்கினது. என்ர முன் இடப்பக்கச் சில்லுக்கு நாலையும் மாத்தினனான், ரிம்மில துவாரம் நீள்வட்டமாப் போயிருந்தபடியால ரிம்மும் போச்சு.